தோட்டத்துக்கு வந்த மலைப்பாம்பு: பிடித்துக் காட்டில் விட்டால் போதுமா?

கேள்வி இதுதான். தோட்டத்தை ஒட்டிய ஓடைக்கரையில் எட்டடி நீள மலைப்பாம்பு ஒன்று மூன்று முறை கண்ணில் பட்டிருக்கிறது. விஷமில்லாத பாம்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் ஆட்டுக்குட்டிகள் இருக்கின்றன, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அது எப்படி வாழ்கிறது, உண்மையில் ஆபத்தானதா, ஆள் வைத்துப் பிடித்துத் தொலைவில் உள்ள அடர்ந்த காட்டில் விட்டுவிட்டால் அதற்கும் நல்லது, நமக்கும் நல்லதுதானே?

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அது பாம்புக்கு நல்லதில்லை. மலைப்பாம்பின் உடம்பு, பசி, பிள்ளைப்பேறு எல்லாமே தெரிந்த இடத்தில் அசையாமல் காத்துக் கிடப்பதை நம்பி அமைந்தவை. அதன் வளை, வெயில் காயும் மேடு, நீர்க்கரை இவற்றிலிருந்து அதைப் பிரித்தால் உயிரோடு விட்டாலும் பாதி உயிரைப் பறித்த மாதிரிதான். இதைச் சும்மா சொன்னால் நம்ப முடியாது. அதனால் அந்த உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. எட்டடிப் பாம்பு, உருட்டிய மரக்கட்டை போலத் தடிமன், பழுப்புத் திட்டுகள் என்றால் அது மலைப்பாம்புதான். ஆனால் அதே ஓடைக்கரையில் நாளைக்கு இரண்டடியில் திட்டுத் திட்டாக ஒரு பாம்பைப் பார்த்தால் "மலைப்பாம்புக் குட்டி" என்று முடிவு கட்டிக் கையில் எடுத்துவிடாதீர்கள். அது கண்ணாடி விரியனாக இருக்கலாம். இப்படி ஏமாந்து கடி வாங்கியவர்கள் நிறைய. தலையில் அம்புக்குறி இருந்தால் மலைப்பாம்பு என்று சொல்வார்கள், அதையும் நம்ப வேண்டாம். விரியனின் தலையிலும் மூக்கை நோக்கிக் கூம்பும் வெளிர்க் கோடுகள் உண்டு. முதுகைப் பாருங்கள். விரியனுக்குச் சங்கிலிக் கண்ணி போல ஒரே அளவான நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையில் ஓடும், ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு இருக்கும். செதில்கள் சொரசொரப்பாக, ஒளி படாமல் மங்கித் தெரியும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது, கிழிந்த துணியை ஒட்டுப் போட்ட மாதிரி கோணல்மாணலாக இருக்கும். செதில்கள் வழவழவென்று மினுங்கும். சந்தேகம் வந்தால் விரியன் என்றே எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

நம் ஊர் மலைப்பாம்பு இந்திய மலைப்பாம்பு என்கிற இனம். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம் வரை பரவியிருக்கிறது. சங்கப் பாடல்களில் இதன் பெயர் மாசுணம். ஈழத்தில் வெங்கிணாந்தி என்பார்கள். இதற்கு நெருங்கிய உறவான பர்மிய மலைப்பாம்பு வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை வாழ்கிறது. இரண்டையும் ஒரே இனத்தின் இரு வகைகள் என்றுதான் வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2009-க்குப் பிறகுதான் தனித்தனி இனங்களாகக் கொள்ளும் வழக்கம் வந்தது. இந்திய மலைப்பாம்பு வழக்கமாக 3 மீட்டர் அளவில் நிற்கும், 4 மீட்டரைத் தாண்டினால் மிகப் பெரியது. செய்திகளில் வருகிற ஆறு, ஏழு மீட்டர் பாம்புகள் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியா பக்கத்து வலைப்பின்னல் மலைப்பாம்புகள். அது வேறு இனம்.

ஒருமுறை புதர் ஓரமாக மலைப்பாம்பு உரித்துப் போட்டிருந்த சட்டை ஒன்று முழுசாகக் கிடைத்தது. அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது கற்றுக்கொண்டது நிறைய. கண் இருந்த இடத்தில் கண்ணாடிச் சில்லு போல ஒரு வட்டம் இருந்தது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணைப் போர்த்தியிருக்கும் அந்தத் தெளிந்த செதிலும் சட்டையோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். மேலுதட்டின் முன்பக்கத்தில் மூக்கு நுனியிலும் அதற்கு இருபுறமும் சின்னச் சின்னக் குழிகள். வெப்பத்தை உணரும் குழிகள் இவை. கும்மிருட்டில் ஓர் எலி நடந்தால் அதன் உடல்சூடு சுற்றிலும் உள்ள மண்ணின் குளிர்ச்சியிலிருந்து வேறுபட்டு இந்தக் குழிகளில் தெரியும். அப்புறம் சட்டையின் அடிப்பக்கம், வால் தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் கூம்பான சிறு நகங்களின் உறை. மலைப்பாம்பின் பின்னங்கால்களில் மிஞ்சியது அந்த நகங்கள்தான். உள்ளே தசைக்குள் புதைந்து இடுப்பெலும்பின் சிறு துண்டும் தொடையெலும்பின் மிச்சமும் இருக்கின்றன. முட்டைக்குள் கரு வளரும்போது கால் முளைக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோகிறது. கால் வளரச் சொல்லும் மரபணுவை இயக்கும் விசைப்பகுதி பாம்புகளில் சிதைந்துபோனதே காரணம் என்று 2016-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. ஆண் பாம்பு அந்த நகங்களை இணைசேரும்போது பெண்ணை வருடப் பயன்படுத்துகிறது.

வேட்டை என்று சொன்னால் துரத்துவது நினைவுக்கு வரும். மலைப்பாம்புக்குத் துரத்த வராது. விலா எலும்புகளையும் வயிற்றுச் செதில்களையும் கொண்டு நேர்கோட்டில் கம்பளிப்புழு மாதிரி ஊர்வதுதான் அதன் வழக்கமான நடை. முயல், மான் குட்டி, பெருச்சாளி, கொக்கு, சில நேரம் முள்ளம்பன்றி வந்து போகிற தடத்தின் ஓரமாகச் சருகோடு சருகாகக் கிடக்கும். நாள்கணக்கில் கிடக்கும். எட்டும் தூரத்தில் வந்ததும் உள்நோக்கி வளைந்த பற்களால் கவ்வி, அதே நொடியில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். எலும்பை நொறுக்கிக் கொல்கிறது என்பார்கள், மூச்சுத் திணறடித்துக் கொல்கிறது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். இரண்டும் சரியில்லை. 2015-இல் அமெரிக்காவில் போவா பாம்புகளை வைத்துச் செய்த ஆய்வில், சுற்றிப் பிடித்த 6 நொடிக்குள் எலியின் தமனி ரத்த அழுத்தம் பாதியாகக் குறைந்தது. ரத்த ஓட்டம் நின்று, மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போகாமல்தான் இரை சாகிறது. மூச்சு நிற்பதற்குக் காத்திருப்பதைவிட இது வேகம். பாம்பும் இரையின் இதயத்துடிப்பைத் தன் உடம்பால் உணர்ந்து, துடிப்பு நின்ற பிறகே பிடியைத் தளர்த்துகிறது.

விழுங்கும்போது தாடை கழன்றுவிடுகிறது என்பதும் தவறு. கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் முன்னால் எலும்பால் ஒட்டாமல் இழுபடும் தசைநாரால் இணைந்திருக்கின்றன. அதனால் இடப்பாதி, வலப்பாதி என்று மாறி மாறி நகர்த்தி இரையின் மேல் தலையையே நடத்திக்கொண்டு போகும். மூச்சுக்குழலின் வாயை வாயின் அடித்தளத்திலிருந்து முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளும். அத்தனை பெரிய இரை தொண்டையில் இருக்கும்போதும் அது மூச்சு விட முடிவது அதனால்தான்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் என்னைப் பொறுத்தவரை உயிரியலில் உள்ள பெரிய அதிசயங்களில் ஒன்று. மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும்போது மலைப்பாம்பு தன் வயிற்றையும் குடலையும் ஏறக்குறைய மூடி வைத்துவிடுகிறது. குடல் சுருங்கிவிடும், வயிற்றில் அமிலமே இருக்காது. அறுவடை முடிந்த களத்தைச் சும்மா போட்டு வைப்பது போல. இரை உள்ளே போனதும் எல்லாம் எழுந்துகொள்ளும். பர்மிய மலைப்பாம்புகளில் இதை நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள். இரண்டு நாளுக்குள் குடலின் எடை இரட்டிப்பாகிறது. இதயம் 48 மணி நேரத்தில் 40 சதவீதம் கனக்கிறது. தன் எடைக்குச் சமமான இரையை விழுங்கிய பாம்பின் வளர்சிதை மாற்றம் ஓய்வு நிலையைப் போல 40 மடங்குக்கும் மேல் ஏறுகிறது. குதிரை முழு வேகத்தில் ஓடும்போது ஏறுகிற அளவு அது. குதிரை சில நிமிடம் ஓடும், பாம்பு அசையாமல் படுத்துக்கொண்டு நாள்கணக்கில் அந்த வேகத்தில் இருக்கும். செரித்து முடிந்ததும் இதயமும் குடலும் பழையபடி சுருங்கிவிடும்.

மலைப்பாம்பு இரையை விழுங்கிவிட்டு மரத்தைச் சுற்றி முறுக்கி உள்ளே இருக்கும் எலும்பை நொறுக்கும் என்று நம் ஊரில் எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். மிகப் பழைய நம்பிக்கை இது. யானையைப் பிடித்து மரத்தோடு சேர்த்துப் பிணிக்கும் மாசுணத்தைச் சங்கப் பாட்டிலேயே பார்க்கலாம். உண்மையில் அதற்கு அந்த வேலை தேவையே இல்லை. உள்ளே ஊறும் அமிலம் எலும்பையே கரைத்துவிடும். விழுங்கிய எலியின் எலும்புக்கூடு ஒரு வாரத்துக்குள் முழுசாகக் காணாமல் போவதை எக்ஸ்ரே படங்களில் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் வெளியே வருவது மயிரும் நகமும் இறகும்தான்.

ஆனால் இந்த வேலைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. உடம்பு சூடாக இருக்க வேண்டும். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. வயிற்றில் இரையோடு குளிரில் மாட்டிக்கொண்டால் செரிப்பதற்கு முன் உள்ளேயே அழுகத் தொடங்கிவிடும். அதனால் சாப்பிட்ட பாம்பு வெயில் படும் இடத்தையும், ஆபத்து வந்தால் சட்டென்று நுழைய ஒரு பொந்தையும் பக்கத்திலேயே தேடும். இந்த நேரத்தில் நான்கு பேர் சூழ்ந்து வாலைப் பிடித்து இழுத்தால் அது முதலில் செய்வது, விழுங்கியதை வெளியே கக்குவது. கனத்த வயிற்றோடு தப்ப முடியாது என்று அதற்குத் தெரியும். பார்க்கிறவர்கள் "அடடா, ஆட்டுக்குட்டியைக் கக்குகிறது பார்" என்று படம் எடுப்பார்கள். அந்தப் பாம்பு பல வாரம் காத்திருந்து பெற்ற உணவையும், அதற்காக உடம்பை எழுப்பிய செலவையும் ஒரே நொடியில் இழந்திருக்கும்.

சரி, முட்டைக்கு வருவோம். குளிர்காலத்தில் இணை சேர்ந்து, பிப்ரவரியிலிருந்து மே வரைக்குள் முட்டையிடும். சாதாரணமாக 20, 30 முட்டைகள் இருக்கும், பெரிய பாம்பு அதைவிட அதிகமும் இடும். பெரும்பாலான பாம்புகள் முட்டையிட்டதும் போய்விடும். மலைப்பாம்புத் தாய் போகாது. முட்டைகளைக் குவியலாக்கி அவற்றைச் சுற்றிச் சுருண்டு, தலையை மேலே வைத்துக்கொண்டு இரண்டு மாதம் போல அங்கேயே கிடக்கும். பெரும்பாலும் எதையும் தின்னாது. அதோடு, சூடு குறையும்போது உடம்புத் தசைகளைத் துடிக்க வைத்துச் சூட்டை உண்டாக்கும். குளிரில் நமக்கு நடுக்கம் எடுப்பது போலத்தான். ஒருமுறை காப்பகத்தில் அடைகாத்துக் கொண்டிருந்த பெண் பாம்பு ஒன்றைக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகிய பிறகு, சுருளின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை விக்கல் போல ஒரு துடிப்பு ஓடுவதும், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி ஓடுவதும் தெரிந்தது. அத்தனை கனமான உடம்பு, வேறு எந்த அசைவும் இல்லை, அந்த விக்கல் மட்டும். முட்டைக் குவியல் ஏறத்தாழ 30 முதல் 33 டிகிரி செல்சியஸில் இருந்துகொண்டே இருக்க அதுதான் காரணம்.

இதை உலகம் நம்பிய கதையும் நம் பக்கத்தோடு தொடர்புள்ளது. லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி 1830-களில் வங்காளத்திலிருந்து திரும்பி, அங்கே மலைப்பாம்பு முட்டைகளைச் சூடேற்றி அடைகாக்கிறது என்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் சொன்னார். குளிர்ரத்தப் பிராணி எப்படிச் சூடு கொடுக்கும் என்று அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. 1841-இல் பாரிஸ் உயிரியல் பூங்காவிலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வலென்சியன் என்ற விலங்கியலாளர் வெப்பமானியைச் சுருளுக்குள் வைத்து அளந்து பார்த்தபோது அந்தப் பயணி சொன்னது உண்மையானது. அப்புறம் 1960-களில் நியூயார்க் பூங்காவில் அடைகாத்த பாம்பின் மூச்சையும் தசைத் துடிப்பையும் அளந்து, சூடு அந்தத் துடிப்பிலிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்தார்கள்.

அத்தனை பாடுபட்டும் பொரிந்து வரும் குட்டிகளில் பெரியதாக வளர்வது மிகச் சிலதான். முட்டையிலிருந்து வரும்போது ஒன்றரை, இரண்டு அடி இருக்கும். தாய் அதற்கு மேல் உடன் இருப்பதில்லை. கீரி, உடும்பு, பருந்து, ஆந்தை எல்லாவற்றுக்கும் அவை இரை. உங்கள் ஓடைக்கரையில் எட்டடி வரை வந்திருக்கிற ஒரு பாம்பு, அந்த இடத்தில் பல ஆண்டு தப்பிப் பிழைத்த பாம்பு. அதன் கூடப் பிறந்தவை பெரும்பாலும் இப்போது இல்லை. இனப்பெருக்கம் செய்யும் வயதை எட்டிய ஒன்றை இழப்பதும் குட்டி ஒன்றை இழப்பதும் ஒரே கணக்கு அல்ல.

இந்தப் பாம்பின் வாழ்க்கையில் எல்லாம் ஒரு வளையில் வந்து முடிகிறது. ராஜஸ்தானில் பரத்பூர் பக்கம் உள்ள கேவலதேவ் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பறவைக்காகத்தான் போகிறார்கள். குளிர்காலக் காலையில் அங்கே உப்பு பூத்த மேட்டு நிலங்களில் வளைவாசல் ஓரமாக மலைப்பாம்புகள் வெயில் காய்வதைப் பார்க்கலாம், சில நேரம் ஒரே வாசலில் இரண்டு மூன்று. அந்த வளைகளைத் தோண்டியது பாம்பு அல்ல. பாம்பால் தோண்ட முடியாது. முள்ளம்பன்றிகள் தோண்டியவை அவை. ஒரே வளைக்குள் முள்ளம்பன்றியும் மலைப்பாம்பும் வௌவால்களும் சேர்ந்து குடியிருப்பதை அங்கே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கோவை சலீம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த சுப்பிரமணியன் பூபதி 1980-களிலேயே அங்கே மலைப்பாம்புகளை ஆராயத் தொடங்கியவர். இந்திய மலைப்பாம்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவரும் அவருடைய மாணவர்களும் சேர்த்தது. 2014-இல் களப்பணியின்போது விபத்தில் இறந்துபோனார். தமிழ்நாட்டில் சத்தியமங்கலத்தின் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் இந்திய வனஉயிரின நிறுவனத்தினர் மலைப்பாம்புகளின் உடம்பில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்திருக்கிறார்கள்.

வளை என்பது வெயிலில் குளிர்ச்சி, பனியில் கதகதப்பு, சட்டை உரிக்கும் நாள்களில் ஒளிவிடம், முட்டைக்கு ஈரம். கரையைச் சமன்படுத்தினால், புற்றை இடித்தால், கல்லுக்குவியலை அள்ளினால் போவது இது எல்லாமும்தான். மலைப்பாம்பைக் கொல்லக் கூடாது என்று இப்போது ஓரளவுக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதன் வளையை மூடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் அதிகக் கவலை.

கொல்லும் காலமும் ஒன்று இருந்தது. தோலுக்காக. பைகளுக்கும் செருப்புகளுக்கும் இடுப்புப் பட்டைகளுக்கும் நம் நாட்டிலிருந்து பாம்புத்தோல் கப்பல் கப்பலாகப் போன காலம். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களுக்கு அந்தத் தோல் வியாபாரம்தான் பிழைப்பு. 1972-இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அடுத்த சில ஆண்டுகளில் தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்பு பிழைத்தது, ஆனால் அந்தக் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, நச்சுப் பாம்புகளைப் பிடித்து விஷம் எடுத்து மறுபடி காட்டில் விடும் வேலையை அவர்கள் கையில் கொடுத்த பிறகுதான் அந்தத் திறமை காப்பாற்றப்பட்டது. அதற்குத் துணைநின்றவர் சென்னை பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் நிறுவிய ரோமுலஸ் விட்டேகர். இந்திய மலைப்பாம்பு இன்று அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். கொன்றால், பிடித்து வைத்திருந்தால், விற்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையிலும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அச்சுறுத்தலை நெருங்கும் இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. மூட்டு வலிக்கு மலைப்பாம்புக் கொழுப்பு என்று யாராவது சீசாவில் விற்றால் வாங்காதீர்கள். அந்தக் கொழுப்பு வலியைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது, வாங்குவதே குற்றம்.

அந்த இருளர்களின் கதை அமெரிக்கா வரை நீள்கிறது. செல்லப் பிராணியாக வாங்கப்பட்டுத் தப்பியவையும், வளர்க்க முடியாமல் விடப்பட்டவையுமான பர்மிய மலைப்பாம்புகள் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகிவிட்டன. அவை குடியேறிய பகுதிகளில் ரக்கூன் என்ற சிறு பாலூட்டிகள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. நாய், கருவி, பரிசுப் போட்டி என்று எல்லாம் செய்து பார்த்தும் அந்தப் பாம்புகளைக் கண்டுபிடிப்பதே அங்கே பெரும்பாடு. 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை வரவழைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அவர்கள் பாம்பைத் தேடவில்லை. புல்லில் அழுந்திய தடம், எச்சம், சட்டை, வளைவாசல் இவற்றைத் தேடினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரே மாதிரியான பாம்பு, அங்கே வெளியேற்ற வேண்டிய அந்நியன், இங்கே காப்பாற்ற வேண்டிய குடிமகன். எது எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஃபுளோரிடாவில் செய்த இன்னொரு சோதனை உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. ஆறு மலைப்பாம்புகளைப் பிடித்த இடத்திலிருந்து 21 முதல் 36 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டு, ரேடியோ கருவியால் பின்தொடர்ந்தார்கள். விட்ட இடத்தில் அவை தங்கவில்லை. பல மாதம் ஊர்ந்து, ஐந்து பாம்புகள் பிடிபட்ட இடத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் திரும்பி வந்துவிட்டன. ஆக மலைப்பாம்புக்குத் தன் இடம் எது என்று தெரியும், அதைத் தேடி அது கிளம்பும். நம் நாட்டில் அப்படிக் கிளம்பினால் நடுவில் சாலை, வயல், ஊர், நாய் எல்லாம் இருக்கின்றன. நீங்கள் நல்லது நினைத்து விட்டுவிட்டு வந்த பாம்பு பத்தாவது நாள் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரத்தில் கிடக்கலாம்.

ஆபத்தைப் பற்றி: இந்திய மலைப்பாம்பு மனிதரை இரையாகப் பார்ப்பதில்லை. 2017-இல் சுலாவெசித் தீவில் ஒருவரை விழுங்கிய பாம்பு வலைப்பின்னல் மலைப்பாம்பு. அதற்காக எட்டடிப் பாம்பு விளையாட்டுப் பொருளும் அல்ல. சீண்டினால் கடிக்கும், கடித்தால் ஆழமாகக் கிழிக்கும். கடித்த நிலையில் கையை வெடுக்கென்று இழுத்தால் உள்நோக்கிய பற்கள் சதையைப் பிய்த்துவிடும். பிடியைத் தளர்த்தும் வரை அசையாமல் இருப்பது நல்லது. புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டி டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். விஷமுறிவு மருந்து தேவையில்லை, ஆனால் கடித்தது மலைப்பாம்புதான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கைக்குழந்தையைத் திறந்த வெளியில் தரையில் தூங்கவிட வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுங்கள்: பார்த்தால் பத்தடி தள்ளி நில், பெரியவர்களைக் கூப்பிடு.

ஆட்டுக்குட்டியும் கோழியும் உண்மையான பிரச்சினை, அதை மறுக்கமாட்டேன். எலியைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது என்று சிலர் எழுதுவார்கள். எலி வேட்டையில் சாரைப்பாம்பும் கூகையும் இதைவிடக் கெட்டிக்காரர்கள், எட்டடி மலைப்பாம்புக்கு எலி ஒரு வாய்க்குக் காணாது. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது பட்டியைச் சீர்செய்வது. மலைப்பாம்பு பெரும்பாலும் இரவில் வரும். குட்டிகளை இரவில் நெருக்கமான கம்பிவலை அடித்த அறைக்குள் அடையுங்கள், வலை தரையோடு சேர்ந்து மண்ணில் புதைந்திருக்கட்டும். நைலான் வலை மட்டும் வேண்டாம். அதில் சிக்கிய பாம்பு முன்னாலும் போக முடியாமல், செதில் மாட்டிப் பின்னாலும் வர முடியாமல் வெயிலில் துடித்துச் சாகும். கரும்போ சருகோ எரிப்பதாக இருந்தால் ஒரு ஓரத்திலிருந்து மட்டும் தீ வையுங்கள். நான்கு பக்கமும் வைத்தால் உள்ளே இருக்கும் எதற்கும் வழி கிடைக்காது.

வீட்டுக்குள்ளோ பட்டிக்குள்ளோ நுழைந்துவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சட்டப்படி அதைப் பிடிக்க வேண்டியவர்கள் அவர்களும் அவர்கள் அனுமதித்த ஆட்களும்தான். வந்தவர்களிடம், அதே ஓடையில் கொஞ்சம் தள்ளி, வளையும் புதரும் உள்ள இடத்தில் விடச் சொல்லிக் கேளுங்கள். வயிறு புடைத்திருந்தால் முடிந்தவரை தொடாமல் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். ஓடைக்கரையில் சும்மா கிடக்கிற பாம்புக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

பொறுப்பது எவ்வளவு தூரம் முடியும் என்பதற்குக் காசர்கோட்டில் 2022-இல் நடந்ததைச் சொல்லலாம். தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்திக் கொண்டிருந்த இடத்தில் ஒரு வளைக்குள் பெண் மலைப்பாம்பு அடைகாத்துக் கிடந்தது. வேலையை எடுத்திருந்த ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அந்தப் பகுதியில் 54 நாள் வேலையை நிறுத்தி வைத்தது. பொரியும் தருவாயில் 24 முட்டைகளையும் எடுத்துப் பாதுகாத்துக் குட்டிகளைக் காட்டில் விட்டார்கள். நெடுஞ்சாலை அந்த 54 நாளில் ஒன்றும் ஆகிவிடவில்லை.

உங்கள் பாம்பு ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வருகிற கோடையில் அது ஒரு வளைக்குள் போய் வாரக்கணக்கில் வெளியே வராமல் இருந்தால், அல்லது வாசலில் சுருண்டபடி தலையை மட்டும் காட்டிக்கொண்டு நகராமல் கிடந்தால், அடைகாக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை வரை அந்தக் கரையில் பொக்லைன் இறக்காதீர்கள், வளைக்குள் தண்ணீர் பாயாமல் வாய்க்காலைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள். பொரிந்ததும் வாசலில் வெளுத்த தோல் போல முட்டை ஓடுகள் கிடக்கும். குட்டிகள் கொஞ்ச நாள் அங்கேயே சுற்றிவிட்டு முதல் சட்டை உரித்த பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து போகும். அதற்கு அப்புறம் கரையை வெட்டுவதாக இருந்தாலும் அந்த வளை இருக்கும் பத்தடியை மட்டும் விட்டுவிட்டு வெட்டுங்கள். அடுத்த ஆண்டு அதே பாம்பு அதே வாசலுக்கு வரக்கூடும்.